தோற்றால் பழி யாருக்கு?

பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஏழாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் உட்படப் பல வகுப்புகள் என் பொறுப்பில் இருக்கின்றன. பயிற்சியானாலும் ஆய்வுக் கூட்டமானாலும் மேடையிலிருந்து ஏதாவதொரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "திட்டம் நல்ல திட்டம்தான், ஆசிரியர்கள்தான் மாற மாட்டேங்கிறாங்க." கீழே உட்கார்ந்திருக்கும் நாங்கள் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் எழுந்து மறுப்பதில்லை. மறுக்காததால் ஒப்புக்கொண்டதாகக் கணக்காகிவிடுகிறது.

மாற மறுப்பவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை மூடி மறைக்க இதை எழுதவில்லை. ஏன் மறுக்கிறார்கள் என்பதற்கு மட்டும் துறையில் பேசப்படும் காரணங்கள் சரியில்லை என்று நினைக்கிறேன். சோம்பல், மனநிலை, பயிற்சிக் குறைவு என்று சொல்கிறார்கள். மூன்றும் ஓரளவு உண்மை. ஆனால் சோம்பலே இல்லாத, பயிற்சியெல்லாம் முடித்த, பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஆசிரியர்களும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம்தான் திரும்புகிறார்கள்.

ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் மின்னோட்டவியல் என்றொரு பாடம் வருகிறது. சுற்றுப்படத்தைப் பலகையில் வரைந்து, அம்புக்குறி போட்டு, வரையறையை எழுதிப் போட்டால் ஒரு பீரியடில் முக்கியப் பகுதி முடிந்துவிடும். அதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் பார்த்தேன். 42 பேர், ஏழு குழுக்கள். குழுவுக்கு ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு துண்டு ஒயர். பல்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். பரீட்சையில் சுற்றுப்படத்தை ஸ்கேல் வைத்து அழகாக வரைகிறவர்களே பல்பின் அடிமுனையை பேட்டரியின் தலையில் வைத்துவிட்டு எரியும் எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் ஒயரின் பிளாஸ்டிக்கைச் சீவவே இல்லை. பல்பின் பக்கவாட்டுத் தகடும் ஒரு முனைதான் என்று கண்டுபிடிக்க முதல் குழுவுக்கே அரை மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மணி அடிக்கிற நேரத்தில் ஒரு பெண் கேட்டாள்: "ஒயரை ஊர் நீளத்துக்குப் போட்டா, லைட்டு எரிய நேரமாகுமா சார்?"

பத்தாம் வகுப்பிலும் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி அது. மறுநாள் பீரியடும் அதிலேயே போயிற்று. நான் பார்த்த நல்ல வகுப்புகளில் அதுவும் ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு நாளும் பிள்ளைகளின் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. பார்வைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது பாடக்குறிப்பேட்டை. அடுத்தது பிள்ளைகளின் நோட்டு: தேதி இருக்கிறதா, சிவப்பு மையில் திருத்தம் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா? விரிவுரை வகுப்பு தனக்கான சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு, பின்பயிற்சி வினா விடை, முடிந்த பாடங்களின் பட்டியல் எல்லாம் கையில் இருக்கும். பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடிய பீரியடுக்கு என்ன பதிவேடு இருக்கிறது? காகிதத்தை நம்பி நடக்கும் துறையில் காகிதம் மிஞ்சாத வேலையைச் செய்பவன் சும்மா இருந்தவன்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பழைய முறையில் நடத்திப் பிள்ளைகள் தேறாவிட்டால் பழி பிள்ளைகள்மேல் விழுகிறது: "மெல்லக் கற்போர்", "வீட்டில் கவனிப்பு இல்லை", "ஆப்சென்ட் அதிகம்." இவை மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எடுபடும் பதில்கள். "பாடத்தை முடித்துவிட்டேன், ரிவிஷன் மூன்று முறை, மாலை நேர வகுப்பும் வைத்தேன்" என்று சொன்னால் அதிகாரி அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார். புது முறையில் நடத்தித் தேர்ச்சி குறைந்தால் பழி ஆசிரியர்மேல் மட்டும்தான். "உங்களை யார் இதெல்லாம் செய்யச் சொன்னது?" இத்தனைக்கும் செய்யச் சொன்னது நீங்கள்தான். சுற்றறிக்கையிலும் இருக்கும். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பாடவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கிற நாளில் அந்தச் சுற்றறிக்கையை யாரும் மேசையில் வைப்பதில்லை. இது தெரிந்தும் கரும்பலகைப் பக்கம் திரும்பும் ஆசிரியரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

நம் மாநிலத்துக்கு இத்தகைய மாற்றம் புதிதல்ல. 2003 வாக்கில் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து தாங்களே உட்கார்ந்து அட்டைகளை உருவாக்கினார்கள். கற்றல் ஏணி, கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, படம் தொங்கவிடக் கம்பிப் பந்தல், பிள்ளைகளே குறிக்கும் காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம் எல்லாம் வந்தன. அந்த ஆசிரியர்களில் பலர் அந்த முறைக்காகச் சண்டை போடுகிற அளவுக்கு அதன் பக்கம் போய்விட்டார்கள். பின்பு 2007-08இல் மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அது ஆணையாகப் போயிற்று. போய்ப் பார்த்தவருக்கும் அட்டை செய்தவருக்கும் அது சொந்த வேலை. அட்டைகள் பெட்டியாக வந்து இறங்கிய பள்ளியில் அது மேலிடத்து வேலை. ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் உட்காருவதும்கூட அங்கே உத்தரவாகத்தான் போய்ச் சேர்ந்தது. நாற்காலி போனதே என்று முணுமுணுத்தவர்களை அன்று எல்லோரும் கேலி செய்தோம். நாற்காலியோடு வேறு என்ன போவதாக அவர்கள் பயந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. அறிமுகம், படித்தல், மன வரைபடம், தொகுத்தலும் வழங்குதலும் என்று படிப்படியாகப் போக வேண்டும். பிள்ளை தானே பாடத்தைப் படித்து, தனக்குப் புரிந்ததைத் தன் போக்கில் வரைவதுதான் மன வரைபடம். நடந்தது என்ன? ஆசிரியர் பலகையில் மன வரைபடம் போட்டார், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், ஆசிரியர் சிவப்பு மையில் 'சரி' போட்டார். வகுப்பு முழுக்க ஒரே வரைபடம், ஒரே அம்புக்குறிகள், பலகையில் விழுந்த எழுத்துப் பிழைவரை அப்படியே. பார்வைக்கு வந்தவர்களும் நோட்டைப் புரட்டித் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்கள். படிகள் எல்லாம் முறைப்படி நடந்ததாகப் பதிவாயிற்று.

இதில் ஏமாற்று மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஏழாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடங்கலின்றிப் படிக்க முடியாத பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். "குழுவாகப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள்" என்றால் அவர்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பையன் வாயைப் பார்ப்பார்கள். நான் நின்று சொன்னால் காது வழியாகவாவது பாடம் அவர்களுக்குப் போகும். புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால் கற்றலும் குறையும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. அதைப் படிக்காமலே எங்கள் ஆசிரியர்கள் பலருக்கு அந்தச் சந்தேகம் அனுபவத்தில் உண்டு. எங்கே சொல்லிக் கொடுப்பது, எங்கே விட்டுப் பிடிப்பது என்பது ஒவ்வொரு வகுப்புக்கும் மாறும். பயிற்சியில் இந்தப் பேச்சே எடுப்பதில்லை. மாணவர் மையக் கற்பித்தலைப் பற்றிய பவர்பாயிண்டை ஒருவர் வரிவரியாக வாசிக்க, இருநூறு பேர் கேட்டுவிட்டு வருகிறோம்.

பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. "நீங்களே நடத்திடுங்க சார், அப்பத்தான் புரியுது" என்பார்கள். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். தாங்களே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு நிலைமை தலைகீழ். ஹார்வர்டு பிள்ளைக்கே அப்படி என்றால், "பாடமே நடத்துறதில்லையாம், விளையாட விடுறாங்களாம்" என்று பேசிக்கொண்டு அடுத்த ஜூனில் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரை நான் எப்படிக் குறை சொல்வது? மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகும். உபரி என்றால் பணி நிரவல். இந்தக் கணக்கு எங்கள் ஓய்வறையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசுகிற ஆசிரியருக்கு வகுப்பு ஒரு மேடை. நாற்பது முகங்கள் அசையாமல் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை எளிதில் விட்டுக்கொடுக்க முடியாது. மேடைப் பேச்சைக் கொண்டாடும் ஊரில் இது கொஞ்சம் அதிகம். கூடவே பயமும் இருக்கிறது. பிள்ளைகளைப் பேசவிட்டால் பதில் தெரியாத கேள்வி வரும். "தெரியல, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல இருபது வருட சர்வீஸ் ஆனவருக்கு நாக்கு எழாது. இதற்கு "நம் மரபே குரு சொல்ல சீடன் கேட்பதுதான்" என்று சிலர் சாக்குச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். மணலில் எழுதிப் பழகினார்கள். அப்படி மணலில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழும்பூர் அனாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்பவர் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து அதைச் சென்னை முறை என்றே அழைத்தது. திண்ணையில் அடியும் மனப்பாடமும் இருந்தன, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஒருவர் நின்று பேச நாற்பது பேர் வாய்மூடிக் கேட்பதை மரபு என்று அதன்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுப்பது நல்ல யோசனை. தொடக்கப் பள்ளித் தோழர்கள் பலர் அதை மனதாரச் சொல்கிறார்கள். அவர்கள் கொதித்தது செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதற்கும், பி.எட். பயிலும் மாணவர்களை அனுப்பி வகுப்பை மதிப்பிட வைத்ததற்கும்தான். முறையோடு கண்காணிப்பும் ஒரே மூட்டையாக வந்து இறங்கினால், மூட்டையோடு சேர்த்துத்தான் எதிர்ப்பார்கள்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறை மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், அதை விடுங்கள். எழுத்துத் தாளில் 15 மதிப்பெண்ணுக்காவது புத்தகத்தில் அப்படியே இல்லாத, யோசித்து மட்டுமே எழுத முடிகிற வினாக்கள் வரட்டும். இந்த ஆண்டே கொண்டுவந்து பிள்ளைகளைத் தவிக்கவிட வேண்டாம். இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்பு எழுதும் ஆண்டிலிருந்து என்று இன்றே அறிவியுங்கள். அந்த 15 மதிப்பெண்ணுக்காக நாங்களே வகுப்பைப் பேசவிடுவோம், உத்தரவு தேவைப்படாது.

பருவத்துக்கு ஒரு பாடத்தை ஆசிரியர் தேர்ந்தெடுத்துத் தன் விருப்பப்படி நடத்தட்டும். பொது வினாத்தாளில் அதற்குக் கேள்வி வேண்டாம், நோட்டும் வேண்டாம். என்ன செய்தோம், எது ஓடவில்லை என்று அரைப் பக்கம் எழுதித் தருகிறோம். ஓடவில்லை என்று எழுதியதற்காக யாரிடமும் விளக்கம் கேட்க மாட்டோம் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும்.

ஆசிரியர் பயிற்றுநர்கள் பார்வையிட வரும்போது படிவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் என் ஏழாம் வகுப்பில் தாங்களே பாடம் எடுக்கட்டும். அவர்களும் எங்களைப் போன்ற பட்டதாரி ஆசிரியர்கள்தான். 42 பேரோடு அவர்கள் தடுமாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. கொஞ்சம் ஆசையும் உண்டு, மறைப்பானேன். தடுமாறி அவர்கள் கண்டுபிடிக்கிற வழி எனக்கும் உதவும். பயிற்சி மண்டபத்தில் கிடைக்காதது அதுதான்.

வினாத்தாள் மாற்றத்துக்கு மேல்மட்ட முடிவு தேவைப்படலாம், காலமும் ஆகலாம். மற்ற இரண்டையும் ஒரு சுற்றறிக்கையிலேயே செய்துவிடலாம். கோடை விடுமுறைக்குள் அது வந்தால் ஜூனில் தொடங்க எங்கள் ஒன்றியத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். யார் யார் என்று கேட்டால் பெயர்ப் பட்டியலைத் தனியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்)