கூட்ஸ் ஓடுற தண்டவாளத்தைப் பிடுங்காதீங்க சாமிகளா!

"ஆள் ஏறாத பாதை, கூட்ஸ் மட்டும்தானே போகுது? பிடுங்கிப் போட்டுட்டு ரோடு போடலாமே!" இப்படிப் பேசற பொருளாதாரப் புலிகளுக்குத்தான் இந்தப் பதிவு.

இங்கிலாந்துல டெவன் பக்கம் ஓக்ஹாம்ப்டன்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர் வழியா எக்ஸிடர்லேருந்து பிளிமத் வரைக்கும் ரயில் போயிட்டிருந்தது. 1968-ல ஊருக்கு மேற்கே பாதையை மூடித் தண்டவாளத்தையும் எடுத்துட்டாங்க. மிஞ்சின கிளைப்பாதையில 1972-ல பயணிகள் ரயிலும் நின்னுபோச்சு. ஆனா பக்கத்துல மெல்டன் கல்குவாரி இருந்தது. ரயில்வேக்கு ஜல்லி அங்கேருந்துதான் போகணும். அதனால இந்தத் துண்டு மட்டும் பிழைச்சது.

அப்புறம் என்னாச்சு? 2021 நவம்பர்ல தினசரி பயணிகள் ரயில் திரும்பி வந்துச்சு. 49 வருஷம் கழிச்சு! தேய்ஞ்ச தண்டவாளத்தை மாத்தி பாதையைத் தயார் பண்ண 9 மாசம்தான் ஆச்சு. முதல் வருஷத்திலேயே இரண்டரை லட்சம் பயணங்கள். ஆள் ஏறாதுன்னு சொன்ன மகான்கள் எங்கேப்பா?

பிடுங்கின பக்கத்தோட கதையையும் கேளுங்க. 2014 பிப்ரவரியில டாலிஷ் கடற்கரையில அலை அடிச்சு ரயில் பாதை தொங்கிப்போச்சு. பிளிமத்தும் கார்ன்வாலும் ரெண்டு மாசம் ரயில் தொடர்பு இல்லாம கிடந்தது. மாற்று வழி எது? 1968-ல எடுத்தாங்களே, அதேதான்.

பராமரிப்புக்குச் செலவாகும், இல்லைங்கலை. ஆனா ரயில் பாதையில விலைமதிப்பில்லாதது இரும்பு இல்லீங்க, விட்டுப்போகாம நீளமாக் கிடக்கற நிலம். அதைத் துண்டு போட்டு வித்துட்டா, திரும்ப ஒட்டவைக்க எத்தனை பட்டா, எத்தனை வழக்கு! நம்ம மொரப்பூர்–தருமபுரி பாதையையே பாருங்க. 1906-ல வந்தது, 1941-ல மூடினது. 2019-ல மறுபடி அடிக்கல் நாட்டி, புதுசா நிலம் எடுக்க வேண்டிய நிலைமை.

பொட்டி தட்டறவன் பாஷையில சொல்லணும்னா, வேண்டாத கோடை கமெண்ட் பண்ணி வைக்கலாம், பேக்கப் இல்லாம டெலீட் பண்ணக்கூடாது. கூட்ஸ் வண்டிதான் அந்த பேக்கப். டிக்கெட் விக்கலையேன்னு கணக்குப் போடறவங்க, திரும்ப நிலம் வாங்கற செலவையும் அதே பேப்பர்ல எழுதட்டும். அப்புறம் பேசலாம்.