'டீஃபால்ட்டர்' யார்?

டி.பி. மருந்து சாப்பிட்டும் ஏன் குணமாகலைன்னு கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "இவங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிட மாட்டாங்க, குடிப்பாங்க." 'இவங்க' யாரென்று நமக்குத் தெரியும் தோழர்களே. நான் கூட்டிப்போன ஒருவரிடம், எத்தனை நாளா இருமல் என்று கேட்கும் முன்பே "காலனியா?" என்று கேட்டார்கள். பாதியில் நிறுத்தியவரின் அட்டையில் எழுதிய சொல் 'டீஃபால்ட்டர்'. கடன் கட்டாதவனுக்கு வைத்த பேர். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதைக் கைவிட்டது. சொல் போச்சு, புத்தி போகலை.

செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கியவன் அது கழியும்வரை நகர முடியாது. சிகிச்சையோ 6 மாசம். மாத்திரை ஊர் ஆஸ்பத்திரியில், ஆள் சூளையில். வெறும் வயித்துல முழுங்கினா குமட்டும், மூத்திரம் செக்கச்செவேல்னு போகும். அது ரிஃபாம்பிசின் நிறம், பயப்படாதே என்று சொல்ல அங்கே ஒரு வாய்க்கும் நேரமில்லை. 2 மாசத்தில் இருமல் அடங்கும். அப்புறம் கூலியை விட்டுட்டு எவன் வரிசையில நிப்பான்? மிச்சக் கிருமி மறுபடி கிளம்பும், சில சமயம் மருந்துக்கு மசியாததாக. சிலருக்குத் தொற்றுவதே மசியாத கிருமிதான். ஒருவேளை விடாமல் சாப்பிட்டாலும் கேட்காது. அவனுக்கும் அதே திட்டுதான்.

2024இல் அரசாங்கத்திடமே மாத்திரை தட்டுப்பாடு. உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. அப்போது அட்டையில் யார் பேரை எழுதுவது?

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நெருக்கடியான வீட்டில் இருந்துகொண்டே, சானடோரியம் சோறும் ஓய்வும் இல்லாமலே மருந்தால் டி.பி. குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னது. உண்மைதான், மருந்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதையே சாக்காக்கி சோற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஆய்வில் நோயாளி வீடு தேடிப் போனார்கள், மாத்திரை உள்ளே போனதா என்று மூத்திரத்தைச் சோதித்தார்கள் என்பது மட்டும் வசதியாக மறந்துபோனது.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நோயாளி வீடுகளுக்கு மாசாமாசம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதம் குறைந்தது. முதல் 2 மாசத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் சாவும் வெகுவாகக் குறைந்தது. அரசு 2018இல் சத்துணவுக்கு மாசம் 500 ரூபாய் அறிவித்தது. 2024இல் 1000 ஆக்கியது. நாளுக்கு 33 ரூபாய். இதில் முட்டை வாங்குவதா, பஸ்ஸுக்குக் கொடுப்பதா?

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் மாத்திரை சாப்பிடுகிறவரின் அட்டையை வாங்கிப் பாருங்கள். மருந்துக்கு மசிகிற கிருமியா என்று சளியைச் சோதித்தார்களா? எடை எழுதியிருக்கா? பணம் வங்கிக்கு வந்துச்சா? வரவில்லையென்றால் அவரைத் தனியா அனுப்பாதீங்க, பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.