மாப்: மக்களை உதிர்த்துவிட்ட ஒரு சொல்

'மாப்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் 'கும்பல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அதற்குள் ஒரு வர்க்கத்தின் அச்சம் பொதிந்திருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்த்தால் மொழிபெயர்ப்பாளருக்கு நன்மை உண்டு.

'மோபிலே வுல்குஸ்' என்பது இலத்தீன் தொடர். வுல்குஸ் என்றால் பாமர மக்கள். மோபிலே என்றால் நிலைகொள்ளாதது, எளிதில் அசைவது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொடர் முதலில் 'மோபிலே' என்றும், பிறகு ஓரசையாக 'மாப்' என்றும் குறுகியது. குறுகியபோது உதிர்ந்தது எது என்று கவனியுங்கள். மக்களைக் குறித்த பெயர்ச்சொல் போய்விட்டது; அவர்கள்மீது சுமத்திய சபலம் என்னும் அடைமொழி மட்டுமே தங்கிற்று. (நம் சட்டைப்பையில் கிடக்கும் மொபைலும் இதே வேரில் கிளைத்ததுதான்.)

சொல் பிறந்த இடம் பற்றி ரோஜர் நார்த் ஒரு செய்தி தருகிறார். அரசர் பக்கம் நின்ற வழக்கறிஞர் அவர். அவருடைய 'எக்ஸாமென்' அவர் மறைந்தபின் 1740இல் வெளிவந்தது. கத்தோலிக்கரான இளவரசர் ஜேம்ஸுக்கு அரியணை கூடாதென்று 1679 முதல் 1681 வரை லண்டனில் கிளர்ச்சி நடந்தது. அதை முன்னின்று நடத்திய பச்சை ரிப்பன் சங்கத்தின் கூட்டங்களில்தான் இச்சொல் புழங்கத் தொடங்கியது என்கிறார். எதிரணிக்காரரின் சாட்சியம்தான், கழிவு போட்டே கொள்ளவேண்டும். உண்மையெனில், தாங்களே வீதிக்கு அழைத்துவந்து போப்பாண்டவரின் உருவபொம்மையை எரிக்கவைத்த மக்களைத்தான் அந்தக் கனவான்கள் இப்படி அழைத்திருக்கிறார்கள்!

ஜொனாதன் ஸ்விஃப்ட் இச்சொல்லை வெறுத்தார். 1710இல் 'டாட்லர்' இதழில் எழுதியபோது, இதைத் தடுக்கப் பல ஆண்டுகள் முயன்றும் பெருந்தொகையினர்முன் தோற்றுவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய கோபம் சொற்களைத் துண்டாடும் நாகரிகத்தின் மீதுதான். அதிலிருந்த இழிவின் மீதல்ல.

அந்த இழிவைக் கேள்விக்குள்ளாக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஜார்ஜ் ரூடே காவல்துறை, நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டி, கலகக்காரர்களில் பெரும்பாலோர் நாடோடிகளோ குற்றவாளிகளோ அல்லர், கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் சிறுகடைக்காரரும்தான் என்று காட்டினார். ஈ. பி. தாம்ஸன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஹானிட்டன் ஊரின் நிகழ்ச்சியொன்று வருகிறது. 1766இல் அங்கே லேஸ் பின்னும் தொழிலாளர்கள் விவசாயிகளிடமிருந்த தானியத்தைக் கைப்பற்றிச் சந்தையில் தாங்களே விற்றார்கள். விற்ற பணத்தை உரியவர்களிடம் திருப்பித் தந்தார்கள். காலிச் சாக்குகளையும் சேர்த்து! சாக்கைத் திருப்பித் தருகிறவர்களைச் சபலக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் கூட்டம் என்றாலே நியாயத்தின் பக்கம் என்று முடிவுகட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1780 ஜூனில் நடந்த கார்டன் கலகத்தில் லண்டன் கத்தோலிக்கரின் வழிபாட்டிடங்களும் வீடுகளும் எரிந்தன, நியூகேட் சிறை எரிந்தது. படையினர் சுட்டதில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசியோ தானிய விலையோ அதற்குக் காரணமல்ல. அண்டை வீட்டாரின் சமயத்தின் மீது மூட்டிவிடப்பட்ட வெறுப்பு அது.

தமிழில் 'கும்பல்' என்பதற்குக் குவியல் என்ற பொருளும் உண்டு. சபலம் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. ஆனால் இன்றைய வழக்கில் அதுவும் முகங்களை அழித்துவிடுகிறது. நான் மொழிபெயர்ப்பதானால் ஹானிட்டனில் நின்றவர்களை, மூலத்தில் 'மாப்' என்றே இருந்தாலும், 'மக்கள் திரள்' என்று எழுதுவேன். நியூகேட்டின் முன் தீப்பந்தத்தோடு நின்றவர்களுக்குக் 'கும்பல்' போதும்.