பழைய பெட்டியை எறியலாமா?

வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சிறு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். அதற்கு "ரவுட்டர்" என்று பெயர். அதற்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது!

சில வருடம் கழித்து, "இது பழைய மாடல், புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். பெட்டி கெட்டுவிட்டதா? இல்லை. அதன் மூளையான சில்லு நன்றாகவே ஓடுகிறது. பிறகு ஏன் எறிய வேண்டும்?

கெர்னல் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை முதலில், எதற்கு எவ்வளவு இடம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் நிரல்தான் "கெர்னல்". வீட்டுக்கு அம்மா போல! திருடர் நுழையும் ஓட்டைகள் அதில் அவ்வப்போது தெரியவரும். அவற்றை அடைத்துப் புதிய கெர்னல் போடவேண்டும். கம்பெனி அதை நிறுத்திவிட்டால் பெட்டிக்குக் காவல் இல்லை.

மனிதர் எழுதுவது மூல நிரல். அதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றுவதே "கம்பைல்" செய்வது. சின்னப் பெட்டியில் அதற்கு இடம் போதாது. பெரிய கம்ப்யூட்டரில் செய்து கொண்டு வரவேண்டும். அடுப்படியில் சமைத்து, தூக்குச் சட்டியில் அனுப்புவது போலத்தான். சட்டி சிறிது, தேவையில்லாததைக் கழித்துவிட வேண்டும்.

கேட்டார்கள், கிடைத்தது

லிங்க்சிஸ் கம்பெனியின் ஒரு ரவுட்டரில் லினக்ஸ் கெர்னல் இருந்தது. லினக்சை வைத்துப் பொருள் விற்பவர், மூல நிரலையும் தரவேண்டும் என்பது அதன் உரிமம். மக்கள் கேட்டார்கள். 2003-ல் கம்பெனி கொடுத்தது. அதிலிருந்து 2004-ல் "ஓப்பன் டபிள்யு.ஆர்.டி." பிறந்தது. இன்று அது நூற்றுக்கணக்கான மாடல்களில் ஓடுகிறது!

நம் நாட்டிலும் திறமை உண்டு. 2001-ல் பெங்களூரில் காட்டப்பட்ட "சிம்ப்யூட்டர்" என்ற கைக்கருவி, சிறு சில்லில் லினக்சைக் கொண்டுதான் ஓடியது.

ஆனால் உரிமம் மட்டும் போதாது. லினக்ஸ் 1991-ல் பிறந்தது 386 என்ற சில்லுக்காக. அந்தச் சில்லையே 2012-ல் நீக்கிவிட்டார்கள்! 2018-ல் எட்டு வகைச் சில்லுகள் ஒரே சமயத்தில் போயின. காரணம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் இன்றும் நிற்கிறது. கல் உறுதி மட்டுமா காரணம்? காலந்தோறும் திருப்பணி செய்த கைகளும் அல்லவா! நிரலுக்கும் திருப்பணி வேண்டும்.

செய்ய வேண்டியது

பள்ளிக்கும் ஆபீசுக்கும் கருவி வாங்கும்போதே, "மூல நிரலும் கம்பைல் செய்யும் முறையும் தந்தால்தான் வாங்குவோம்" என்று சர்க்கார் சொல்லவேண்டும். கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பொறியியல் கல்லூரி மாணவர்கள், குழுவுக்கு ஒரு பழைய பெட்டியைத் தத்து எடுக்கலாம். பாடமும் ஆகும், ஊருக்கு உதவியும் ஆகும்.

காசு கொடுத்து வாங்கியவர் நாம். பெட்டியின் ஆயுளைக் கம்பெனி மட்டும் முடிவு செய்வது நியாயமா?