‘பொய் ஊர்’ என்போருக்கு

ஒன்ராறியோவில் பாடசாலை போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ‘பயனியர் வில்லேஜ்’ என்ற பெயர் ஒரு தடவையாவது அடிபட்டிருக்கும். பிள்ளைகள் வகுப்போடு போய், மெழுகுதிரி வார்த்த கதையோடு திரும்பி வருவார்கள். பெரியவர்களின் பேச்சு வேறு. “அது பொய் ஊர். எங்கெங்கோ கிடந்த பழைய வீடுகளைப் பிடுங்கி ஓரிடத்தில் நட்டு, சம்பளத்துக்கு ஆள் பிடித்து வேடம் கட்டிவிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் தங்கள் பழம்பெருமையைப் பார்த்து மகிழக் கட்டிக்கொண்ட இடம். அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?” இந்தக் கருத்து எங்கள் வீடுகளுக்குள் மட்டும் இல்லை. வரலாறு படித்தவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் ஒரு குற்றச்சாட்டில் நியாயம் உண்டு; அதற்குப் பிறகு வருகிறேன். மற்றவை அந்த ஊர்களை நின்று பாராமல் சொல்லப்படுபவை.

முதலில் ‘பிடுங்கி நட்ட’ கதை. மொறிஸ்பேர்க் அருகே சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் அப்பர் கனடா வில்லேஜ் இருக்கிறது. 1961இல் திறந்தார்கள். 1860களின் ஒன்ராறியோக் கிராமம் ஒன்றை அங்கே வாழ்ந்துகாட்டுகிறார்கள். வீடுகள் அங்கே வந்து சேர்ந்த காரணத்தைக் கேட்டால் இந்தக் குற்றச்சாட்டு தலைகீழாகிவிடும். 1950களில் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து, கடற்கப்பல்கள் பேரேரிகள் வரை ஏறிவர ஒரு நீர்வழியையும், கூடவே ஒரு பெரிய நீர்மின் நிலையத்தையும் கட்டின. அணைக்கு மேலே ஆற்றங்கரைத் தாழ்நிலம் எல்லாம் மூழ்கவேண்டும் என்று ஆயிற்று. ஓல்ற்ஸ்வில், டிக்கின்சன்ஸ் லாண்டிங், வேல்ஸ், மூலினெற், மில் றோஷ் என்று ஊர் ஊராகக் காலியாக்கினார்கள். ஏறத்தாழ 6,500 பேர் எழும்பவேண்டி வந்தது. 500க்கும் மேற்பட்ட வீடுகளை அத்திவாரத்திலிருந்து முழுசாகத் தூக்கி, இராட்சத வண்டிகளில் ஏற்றி, இங்கிள்சைட், லோங் சூ போன்ற புதிய ஊர்களுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். 1958 ஜூலை 1ஆம் திகதி தற்காலிக அணைக்கு வெடி வைத்தார்கள். நாலு நாளில் வயலும் தெருவும் ஏரியாகிவிட்டன.

ஊரைப் பிடுங்கியது நூதனசாலை அல்ல, அணைக்கட்டு. மூலினெற்றில் 1837இல் கட்டிய கிறைஸ்ட் சேர்ச் என்ற தேவாலயம் இன்று அப்பர் கனடா வில்லேஜில் நிற்கிறது. கொண்டுவந்திருக்காவிட்டால் அது விறகாகப் போயிருக்கும், அல்லது நீருக்கடியில் கிடந்திருக்கும். ‘வீடு தன் மண்ணில் நிற்பதுதான் உண்மை’ என்பது நல்ல கொள்கைதான். ஆனால் அந்த மண் இப்போது ஏரியின் அடியில் இருக்கிறது. நீர் மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் ஓல்ற்ஸ்வில்லின் பழைய தெருவும் வீட்டு அத்திவாரங்களும் வெளியே தெரியும். 1813இல் அமெரிக்கப் படையைத் திருப்பி அனுப்பிய கிறைஸ்லர்ஸ் பார்ம் போர்க்களமும் மூழ்கிப்போனது. அந்தக் களத்து மண்ணை அள்ளிக் கிராமத்துக்குப் பக்கத்தில் மேடாகக் குவித்து, நினைவுத் தூணை அதன்மேல் வைத்தார்கள். மண்ணின் அருமை தெரியாதவர்கள் செய்கிற காரியம் இல்லை இது.

எல்லாக் கட்டடமும் வெள்ளத்துக்குத் தப்பி வந்ததென்று நான் சொல்லமாட்டேன். அங்குள்ள அசெல்ஸ்டைன் கம்பளி ஆலை ஒடெசா என்ற ஊரிலிருந்து வந்தது. ஸ்ரொக்ஹோமில் 1891இல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்கான்சனைத் திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்: தொழிற்சாலைகள் வந்து நாட்டுப்புறத்தை மாற்றும்போது, அழியப்போகும் வீட்டையும் பட்டறையையும் கழற்றி எடுத்துவந்து மறுபடி பூட்டுவது. ரொறன்ரோவில் ஜேன் வீதியும் ஸ்ரீல்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 1960இல் திறந்த பிளாக் கிறீக் கிராமத்தில் இடம் மாறாதவையும் மாறி வந்தவையும் உண்டு. டானியல் ஸ்ரோங் என்பவர் 1816இல் குடியேறிக் காடு வெட்டிய நிலம் அது. அவர் குடும்பத்தின் மர வீடும், 1832இல் கட்டிய அடுத்த வீடும் கட்டிய நிலத்திலேயே நிற்கின்றன. நகரம் விரிந்தபோது இடிபடவிருந்த கட்டடங்களை அவற்றைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவற்றில் ‘ஹாஃப் வே ஹவுஸ்’ என்ற விடுதி ஸ்காபரோவில் கிங்ஸ்ரன் வீதியும் மிட்லாண்ட் அவெனியூவும் சந்திக்கும் மூலையில் இருந்தது. குதிரை வண்டிப் பயணிகள் இறங்கி இளைப்பாறிய இடம். இன்றைக்கு எங்கள் சனம் தினமும் கார் ஓட்டிப் போகிற சந்தி அது. கட்டடம் அங்கேயே விடப்பட்டிருந்தால் இடிபட்டு வாகனத் தரிப்பிடமாகியிருக்கும் என்று அந்த மூலையில் நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும்.

அடுத்தது ‘வேடம்’. ஆடை வேடமாக இருக்கலாம், வேலை வேடமாக இருக்க முடியாது. அப்பர் கனடா வில்லேஜில் பெல்லமியின் மா ஆலை கல்லில் கோதுமை அரைக்கிறது. அந்த மாவைப் பேக்கரியில் பாணாக்கி, வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். அரைக்கிறவர் ஆலைக் கல்லின் கீழே கையை நீட்டி, விழும் மாவைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்ப்பார். மா சூடாக இருந்தால் கல் நெருங்கிவிட்டது, நறநறத்தால் விலகிவிட்டது. தானியம் வருவது நின்றால் கல்லும் கல்லும் உரசித் தீப்பொறி பறக்கும். ஆலை தீப்பற்ற அது போதும். இதில் நடிக்க இடமில்லை.

பாண் போடுகிற இடத்தில் விறகுப் போறணை. யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளின் பின்வாசலில் நின்று வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. விறகைப் போறணைக்குள்ளேயே அடுக்கி எரித்து, கரி படிந்த செங்கல் வெளுக்கும் வரை பொறுத்திருந்து, தணலை வாரி வெளியே தள்ளி, தரையை ஈரச் சாக்கால் துடைக்கவேண்டும். பிறகு ஒரு பிடி மாவைத் தூவுவார்கள். உடனே கருகினால் சூடு கூட, மெல்லச் சிவந்தால் பதம். வெப்பமானி கிடையாது. பிழைத்தால் அன்றைய பாண் போச்சு.

சவர்க்காரம் காய்ச்சும் இடம் இன்னும் நல்ல உதாரணம். மரச்சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீரில் ஒரு முட்டையைப் போடுவார்கள். அது மிதந்து, ஒரு நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் காரம் சரி. கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சலாம். அதே காரநீரை வற்றக் காய்ச்சினால் பொட்டாஷ். கடல் கடந்து பிரித்தானியாவின் சவர்க்கார, கண்ணாடி, துணித் தொழில்களுக்குப் போன சரக்கு அது. காட்டை வெட்டி எரித்தவருக்கு முதல் விளைச்சலுக்கு முன்பே கையில் கண்ட காசு சாம்பலிலிருந்து வந்தது. ஒன்ராறியோவின் காடு ஏன் அவ்வளவு வேகமாக அழிந்தது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அந்தப் பானையின் முன் நிற்கும் பிள்ளைக்கு, ஒரு பானைக்கு எத்தனை மரம் எரியவேண்டும் என்ற கேள்வி தானாக வரும்.

‘அசல் பொருள் இல்லை, எல்லாம் நகல்’ என்பதற்கும் பதில் இருக்கிறது. மஸாச்சுசெற்ஸில் பிளிமத் குடியேற்றத்தை மறுபடி கட்டிய இடத்தில் ஆரம்பத்தில் பழம்பொருட்களும் பொம்மை மனிதர்களும்தான் இருந்தார்கள். தொட முடியாத கதிரை, எரியாத அடுப்பு. ஜேம்ஸ் டீற்ஸ் என்ற தொல்லியலாளர் 1960களின் கடைசியில் அவற்றை அகற்றி, உழைத்துப் பயன்படுத்தக்கூடிய நகல்களை வைத்தார். அடுப்பு எரிந்தது, வீட்டுக்குள் புகை நிறைந்தது, அங்கே வேலை செய்தவர்கள் அந்தப் புகையோடு சமைக்கப் பழகினார்கள். அசல் பொருளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கவேண்டும், சரி. ஆனால் அதை எப்படிப் பிடித்தார்கள், எந்தப் பக்கம் சாய்ந்து நின்றார்கள் என்பதை நகலைக் கையில் எடுத்தால்தான் அறியலாம்.

காணொளி போதாதா என்கிறார்கள். காணொளியில் மாவின் சூடு விரலில் படாது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நியாயமான குற்றச்சாட்டு இனித்தான். இந்த ஊர்கள் நெடுங்காலமாகக் குடியேறியவரின் வீரத்தை மட்டும் சொன்னன. வெறுங்காட்டுக்குள் ஒரு குடும்பம் வந்து கோடரியை எடுத்தது என்றே கதை தொடங்கியது. நிலம் வெறுமையாக இருக்கவில்லை. பிளாக் கிறீக் ஓடையின் கரையில், இன்றைய யோர்க் பல்கலைக்கழகத்துக்கு அருகில், 15ஆம் நூற்றாண்டிலேயே ஹூரான்-வென்டாற் மக்களின் பெரிய கிராமம் ஒன்று இருந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். அப்பர் கனடா வில்லேஜுக்குக் காரணமான அதே நீர்வழி, கீழே அக்வெசாஸ்னேயில் மொகாக் மக்களின் நிலத்தையும் மீன்பிடியையும் பறித்தது. இவற்றைச் சொல்லாத கிராமம் பாதிக் கதைதான் சொல்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்குத் தீர்வு இழுத்து மூடுவது என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். பிளிமத்தில் 1970களிலிருந்தே வம்பனோவாக் மக்களும் பிற பூர்வகுடியினரும் தங்கள் குடியிருப்புப் பகுதியில் இருந்து பேசுகிறார்கள். அவர்கள் 17ஆம் நூற்றாண்டு மனிதர்களாக நடிப்பதில்லை. இன்று வாழும் மக்களாக, தங்கள் குரலில் பதில் சொல்கிறார்கள். 2020இல் அந்த இடத்தின் பெயரே பிளிமத் பட்டுக்ஸெற் என்று மாறியது. பட்டுக்ஸெற் அங்கே முன்பிருந்த ஊர். வேர்ஜினியாவின் கொலோனியல் வில்லியம்ஸ்பேர்க்கில் 1994இல் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டினார்கள். கறுப்பின அமைப்புகளே எதிர்த்தன. எதிர்க்க வந்தவர்களில் ஒருவர் அதைப் பார்த்து முடித்தபின் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

இண்டியானாவின் கொனர் பிரெயரியில் வில்லியம் கொனரின் செங்கல் வீடு இருக்கிறது. 1823இல் கட்டியது. அவருடைய முதல் மனைவி மெக்கிஞ்சஸ், டெலவெயர் இனப் பெண். அந்த இனத்தவரை 1818 உடன்படிக்கை மேற்கே போகச் சொன்னது. 1820இல் அவர் பிள்ளைகளோடு போனார், கணவர் தங்கிவிட்டார். அதே ஆண்டில் வேறொரு பெண்ணை மணந்தார். அந்த அழகான வீட்டின் முன் நின்று இதைக் கேட்பதற்கும் புத்தகத்தில் வாசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டை இடித்திருந்தால் மெக்கிஞ்சஸின் கதையைத் தொங்கவிட ஓர் ஆணிகூட மிஞ்சியிராது. சிலையிடம் கேள்வி கேட்க முடியாது. வாசலில் நிற்கும் மனிதரிடம் ‘இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?’ என்று கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் அடுத்த வருடம் தெரிந்துகொண்டு நிற்கச் சொல்லலாம்.

கடைசியாக, ‘அதில் எங்களுக்கு என்ன?’ சென் லோறன்ஸ் கரையில் 1784 தொடக்கம் குடியேறியவர்களில் பலர், அமெரிக்கப் புரட்சியில் தோற்ற பக்கத்தில் நின்று சொத்தை இழந்து வந்த அகதிகள். அவர்களின் சந்ததியினரின் ஊர்கள்தான் 1958இல் மூழ்கின. ஊர் இழந்தவர்களுக்கு இதைப் பார்த்துப் படிக்க நிறைய இருக்கிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களில் பலர் இன்று ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். துலாவில் ஏறி நடந்து நீர் இறைத்தவர்கள், பட்டை கோலியவர்கள், கரைவலை இழுத்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். துலா மிதிப்பவர் எந்த இடத்தில் திரும்புவார், கீழே பட்டையைப் பிடிப்பவர் எப்போது குரல் கொடுப்பார் என்பது அவர்கள் உடம்பில் இருக்கிறது. இவர்களைப் பேட்டி காண்பதோடு நிறுத்தாமல், ஒரு துலாவைக் கட்டி நிறுத்தி, பேரப்பிள்ளைகளை அருகில் வைத்து, செய்துகாட்டச் சொல்லவேண்டும். மரத்தின் நீளமும் கயிற்றின் முடிச்சும் தவறினால் அவர்களே திருத்துவார்கள். அதை எப்படி ஒழுங்குசெய்வது, எப்படிப் பயிற்றுவது என்று 60 வருடத்துக்கு மேலாகச் செய்துவரும் மனிதர்கள் மொறிஸ்பேர்க்கில் இருக்கிறார்கள். போய்க் கேட்கலாம்.