காசு வந்தால் விளையாட்டு வளருமாம்!

பெரிய முதலாளி வந்தால்தான் உதைபந்தாட்டம் வளரும் எண்டு சொல்லுறவர்கள் 2020ஆம் ஆண்டின் சீன எஃப்.ஏ. கிண்ணத்தை ஒருக்கால் பார்க்கவேணும்.

டிசம்பர் 19, சுசோ நகரில் இறுதிப்போட்டி. ஷாண்டோங் லுனெங் 2-0 என்று ஜியாங்சு சுனிங்கை வென்றது. தோற்றது லேசுப்பட்ட அணியில்லை. ஐந்து கிழமைக்கு முதல்தான் சீன சுப்பர் லீக்கின் சம்பியனாகியிருந்தது. ஆனால் 2021 பெப்ரவரி 28இல் அந்தக் கழகமே இழுத்து மூடப்பட்டது. உரிமையாளரான சுனிங் நிறுவனம் இனிச் சில்லறை வியாபாரத்தை மட்டும் கவனிக்கப் போகுதாம்!

கொவிட்தான் காரணம் எண்டு சிலர் சொல்லலாம். சரி, 2016இல் அலெக்ஸ் டெய்ஷெய்ரா என்ற ஒரேயொரு வீரருக்கு 50 மில்லியன் யூரோ கொட்டினது கொவிட்டா? சுனிங் வாங்க முதலே, 2015இல், இதே கழகம் இதே கிண்ணத்தை வென்றிருக்கிறது.

ஜேர்மனியில் கழகங்களின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. நாங்கள் கேட்பதும் அதைத்தான். இரசிகருக்கு வாக்கில்லாத கழகம் வெறும் கடை. கணக்குப் பிழைச்சால் முதலாளி பூட்டிப்போட்டுப் போயிடுவார். கிண்ணம் வென்றாலென்ன, தோற்றாலென்ன?