சூதாட்ட விடுதிகளும் குடும்ப நாசமும்

புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையிலுள்ள கரையில் வசிக்கும் ஜனங்கள் கடலையும் உப்பையும் நம்பிப் பிழைப்பவர்கள். மீனவனுக்கு ஒரு நாள் வலை நிறைந்து வருகிறது; மறுநாள் பாடு டீசல் செலவுக்கும் காணாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகலாகாதென்பது சர்க்கார் விதி. மரக்காணத்து உப்பளங்களில் வெயில் காயும் மாதங்களில் வேலை உண்டு. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிக் கூலி நின்றுவிடும். இவ்வாறு சில நாள் கையில் பணம் புரளுவதும் பல நாள் வெறுங்கையோடு இருப்பதுமான வாழ்க்கையில், நூறு வைத்தால் பல்லாயிரம் கிடைக்குமென்னும் பேச்சுக்குள்ள கவர்ச்சியை மாதச் சம்பளக்காரர்கள் எளிதில் அறியமாட்டார்கள். ஆகவே சூதாட்டத்தைக் குறித்து எழுதப் புகும் நாம், ஏழையின் ஒழுக்கத்தைப் பழிக்க வரவில்லை. அவனுடைய முட்டுப்பாட்டையே முதலாக வைத்து வியாபாரம் செய்வோரை நேயர்களுக்குக் காட்டவே விரும்புகிறோம்.

இக்கரை அடங்கிய விழுப்புரம் ஜில்லாவின் தலைநகரில் 2019ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நகை வேலை செய்துவந்த ஒரு தொழிலாளி, ‘மூன்று நம்பர் லாட்டரி’ என்னும் சட்டவிரோதச் சூதில் பொருளை இழந்து, கடனில் மூழ்கினார். அவரும், அவருடைய மனைவியும், மூன்று பெண் குழந்தைகளும் ஒருங்கே மாண்டனர். இந்த லாட்டரியை ஒழிக்கவேண்டுமென்று அவர் கடைசியாகப் பேசிய பேச்சு விடியோவாக நாடெங்கும் பரவியது. அக்குழந்தைகள் எந்தச் சீட்டை வாங்கினார்கள்?

1968ம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சர்க்காரே பரிசுச் சீட்டைத் தொடங்கிற்று. 2003ம் வருஷம் ஜனவரியில் சர்க்காரே சகல லாட்டரிகளையும் தடுத்துவிட்டது. விழுப்புரத்துச் சம்பவம் நடந்ததோ தடை பிறந்து ஏறக்குறையப் பதினேழு வருஷங்களுக்குப் பின்னர். கடை வாசலில் தொங்கிய சீட்டு மறைந்தது. துண்டுக் காகிதத்திலும் செல்போனிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஏஜெண்டு தோன்றினான். கேரள சர்க்காரின் லாட்டரி முடிவில் வரும் கடைசி மூன்று இலக்கங்களை அவன் தன் சூதுக்கு எடுத்துக்கொள்கிறான். அச்சிடும் செலவில்லை, குலுக்கும் செலவில்லை, வரியுமில்லை.

இதன் கணக்கைச் சற்றே ஆராய்வோம். மூன்று இலக்கங்களில் ஆயிரம் எண்கள் உண்டு. ஒருவனுடைய எண் விழுவதற்குள்ள வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பத்து ரூபாய்ச் சீட்டுக்குப் பரிசு ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்களும் விற்றால் வரவு பதினாயிரம், கொடுப்பது ஐயாயிரம், மிச்சம் ஐயாயிரமும் நடத்துகிறவனுக்கே. நேற்று விழாத எண் இன்று விழுமென்று நம்புவதற்கும் ஆதாரமில்லை. நேற்று எது விழுந்ததென்று குலுக்கும் யந்திரம் நினைவில் வைத்திருப்பதில்லை. சீட்டுக்கட்டு மேஜையிலோ, ஆட்டந்தோறும் விடுதிக்காரன் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறான். ஆடுகிறவர்கள் மாறிமாறி ஜயித்தாலும், இரவு முழுதும் ஆடினால் மேஜையிலுள்ள பணம் குறைந்துகொண்டே போகும். விடுதிக்காரனுடைய பெட்டிதான் கனக்கும்.

பணம் போவது துன்பத்தின் ஆரம்பம் மட்டுமே. இழந்தவன் முதலில் மறைக்கிறான். கூலி குறைந்துவிட்டதென்று மனைவியிடம் பொய் சொல்லுகிறான். பிறகு அவளுடைய தோடு அடகுக்குப் போகிறது. மகளிர் குழுவில் அவள் பெயரில் வாங்கிய கடனும் அவ்வழியே போகிறது. அப்பால் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். இழந்ததை மீட்கவேண்டுமென்ற ஆத்திரத்திலேயே அவன் மறுபடியும் விடுதிக்கு ஓடுகிறான். உறக்கம் கெடுகிறது, வேலை கெடுகிறது, குழந்தையின் பள்ளிப் படிப்பு நிற்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022ல் அமலுக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டப் பீடிப்பை ஒரு நோயாகவே சேர்த்து, குடி முதலியவற்றின் அடிமைத்தனத்தோடு ஒரே வகுப்பில் வைத்திருக்கிறது. திருவள்ளுவரும் சூதைக் கள்ளுக்கு அடுத்த அதிகாரமாகவும், மருந்துக்கு முந்திய அதிகாரமாகவும் வைத்தார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

“அவன் பணம், அவன் தோற்கிறான், நமக்கென்ன?” என்று கேட்போர் உளர். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1912ல், பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார். அக்கதையில் பணயமாக வைக்கப்பட்டவள் காயை உருட்டியவள் அல்லள். இன்றும் அப்படியே. மேஜைமீது விழும் நோட்டில் அரிசியும், வாடகையும், கிழத் தாயின் மருந்தும் அடங்கியிருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஜயித்தவன் பந்தயப் பணத்துக்காகக் கோர்ட்டில் வழக்காட முடியாது. ஆகையால் சூது விடுதிக்கு வேறு கோர்ட்டு வேண்டியிருக்கிறது. அடியாளின் தடியும், தெருவில் மானம் போகுமென்ற பயமுமே அந்தக் கோர்ட்டு. இக்கடனைச் சட்டம் ஆதரிக்காது என்பதை அறியாமல் எத்தனையோ பேர் நடுங்கிச் சாகிறார்கள்.

வேதாரண்யத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரும் தொண்டர்களும் உப்பு அள்ளிய 1930ம் வருஷத்திலேயே சென்னைச் சூதாட்டச் சட்டமும் பிறந்தது. அதுவே இன்று தமிழ்நாட்டுச் சட்டமாக நிற்கிறது. அது விடுதி நடத்துகிறவனைத் தண்டிப்பதோடு, அங்கே ஆடக் காணப்பட்டவனையும் தண்டிக்கிறது. திறமையால் மட்டும் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. இந்த விலக்கின் நிழலில்தான் மனமகிழ் மன்றம் என்ற பலகையைத் தொங்கவிட்டுச் சில சூதுக் கடைகள் நடக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று 1967ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் ஆட்டத்தினின்று விடுதிக்காரன் லாபம் அடைவானாகில் குற்றம் ஏற்படக்கூடும் என்று அதே தீர்ப்பு கூறியிருப்பதை இவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஆட்டத்தின் பெயரை விட்டு, பெட்டியில் விழுந்த பணம் யாருடையது என்று விசாரித்தால் போலீஸாருக்கு வழி தெரியும்.

2025ம் வருஷம் ஆகஸ்ட் 22ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற இந்திய சர்க்காரின் இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது, ஆடியவனைத் தண்டிக்கவில்லை. இழந்தவனைக் குற்றவாளியாகக் கருதாத இக்கொள்கையே நியாயமானது என்பது நமது அபிப்பிராயம். தண்டனைக்கு அஞ்சுகிறவன் போலீஸிடம் உண்மை சொல்லமாட்டான். அவன் சொல்லாவிடில் விடுதிக்காரன் அகப்படமாட்டான். சீட்டாடிய பத்துப் பேர் கைது என்ற செய்தி வருகிறது; இடம் கொடுத்தவன், முதல் போட்டவன், கண்டும் காணாதிருந்தவன் ஆகியோரின் செய்தி எங்கே?

2023ம் வருஷம் மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்குப் பலர் பலியானபோது சர்க்கார் விழித்துக்கொண்டது. சூது ஒரே நாளில் பல வீடுகளில் பிணத்தைக் கிடத்துவதில்லை. வருஷக்கணக்கில், ஒவ்வொரு வீடாகத் தின்கிறது. அதனாலேயே அதிகாரிகளின் கண்ணுக்கு அது படுவதில்லை.

ஆகவே நாம் வேண்டுவது இது. சர்க்கார் 1930ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, ஆடுகிறவனுக்குச் சிகிச்சையும் நடத்துகிறவனுக்குக் கடுந்தண்டனையும் விதிக்க வேண்டும். மீன்பிடித் தடைக் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் வழங்கும் நிவாரணம் அடுப்புக்குப் போய்ச் சேருகிறதா என்று கிராமத்தார் கவனிக்க வேண்டும். சூதில் அகப்பட்டவன் முதற் கடனிலேயே வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டாரும் வசைபாடாமல் கேட்க வேண்டும். மனம் உடைந்தவர்கள் 14416 என்ற எண்ணில் சர்க்காரின் மனநல உதவியைச் செலவின்றிப் பெறலாம்; இவ்வெண்ணைக் குப்பந்தோறும் எழுதி வைப்பது தொண்டர்களால் நாளையே செய்யக்கூடிய காரியம்.

பணம் இழந்தவன் மறுபடியும் உழைத்துப் பிழைக்கலாம். உயிரை இழந்த குடும்பத்துக்கு மறு ஆட்டம் இல்லை. அடுத்த விழுப்புரம் நேருமுன் நமது தொண்டர்கள் அந்த வாசற்படிகளை மிதிப்பார்களாக.